கொட்டகையில் கண்ட கைதி

பாம்பனில் அருள்மேரி என்ற பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆள் மாறிப் போகக் கூடாதென்று ஊர்க்காரர்கள் ஒவ்வொருத்திக்கும் ஓர் ஒட்டுப்பெயர் வைத்திருந்தார்கள். நம்மவள் பாசி அருள்மேரி. கடலுக்குள் முங்கி, பாறையில் முளைத்திருக்கும் பாசியைப் பறித்து, கரையில் காயவைத்து விற்பது அவள் தொழில். விரல்களில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு, பழைய செருப்பைக் காலோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கினாள் என்றால் வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் மூச்சு முட்டும். இந்தப் பாசியை வாங்கிப் போய் மருந்திலும் ஐஸ்கிரீமிலும் சேர்க்கிறார்களாம். "அந்தக் கருமத்த எவ திம்பா?" என்று அவள் சிரிப்பாள்.

தண்ணிக்குள் அவளுக்குக் குழப்பமே கிடையாது. எந்தப் பாறையில் பாசி உண்டு, எந்தப் பாறையில் முள்ளு உண்டு என்பதெல்லாம் கைக்கே தெரியும். கரைக்கு வந்தால்தான் தொல்லை. கரையில் ஏழு வருடமாக ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றாள். புருஷன் இருக்கிறானா, இல்லையா?

புருஷன் பெயர் மரியதாஸ். எண்பத்தைந்தில் ஒரு நாள் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் போனான். நடுக்கடலில் இலங்கைக்காரன் படகு வந்து மறித்திருக்கிறது. கூடப் போனவனைத் தூக்கிக்கொண்டு போய் அங்கன ஒரு ஜெயிலில் போட்டார்கள். ஊர் வாயில் அது செயில். ஒரு வருடம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தவன் சொன்னது இதுதான்: "என்னயப் புடிக்கயில அவன் அந்தப் பக்கமா தண்ணியில குதிச்சான். பெறகு நான் பாக்கல. அவனையும் எடுத்தாகளா, முங்கிட்டானா, அந்தோணியாருக்குத்தான் வெளிச்சம்." அதிகாரிகளுக்கு எழுதிப் போட்டதில் அப்படி ஓர் ஆள் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அப்படி ஆள் இல்லையென்று வந்த பதிலுக்குப் பிறகும் இரண்டு பேர் உயிரோடு திரும்பி வந்த ஊர் அது. யார் பேச்சை நம்புவது?

அருள்மேரி பெண்டாட்டியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. தலையில் பூ வைத்தால், "புருசன் எந்தச் செயில்ல கெடக்கானோ, இவளுக்குப் பூ கேக்குது" என்றார்கள். பூ வைக்காமல் போனால், "உசுரோட இருக்கவனுக்கு இப்பிடி மூளிக் கோலமா?" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளையும் தங்கவில்லை. வீட்டில் ஒரு கல்யாணப் போட்டோ இருந்தது. உப்புக் காற்று தின்றதில் அதில் சேலையும் வேட்டியும் மட்டும் பளிச்சென்று நின்றன. முகங்கள் வெளுத்துப் போய்விட்டன.

மரியதாஸின் அக்கா ஜோதிமேரி பக்கத்துத் தெருவில் இருந்தாள். கூடையில் மீன் விற்கிறவள், வாய் கொஞ்சம் பெரிது. தாயில்லாப் பிள்ளையான தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தம்பி செத்தான் என்று எவனாவது சொன்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்குப் போவாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி. கோயிலில் துக்க மணி அடித்து ஆத்துமப் பூசை வைத்துவிடலாம் என்று சாமியார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "உடம்பு வரட்டும் சாமி, பெறகு அடிங்க மணிய" என்று இரண்டு தடவையும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள். அந்த மணியை அடிக்காததால் அருள்மேரி கழுத்தில் தாலி இருந்தது.

இந்த நிலையில்தான் வேதநாயகம் வந்தான். மண்டபத்துக்காரன், பெண்டாட்டியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன். ரோட்டுப் பாலம் திறந்த பிறகு பாசி மூட்டைகளை ஏற்ற லாரி கொண்டு வருவான். மற்ற டிரைவர்கள் மூட்டை ஏறியதும் வண்டியை எடுத்துவிடுவார்கள். இவன் அருள்மேரி ஈரத் தலையைப் பிழிந்து, சேலையை உதறி, நிழலில் வந்து உட்காரும் வரைக்கும் என்ஜினில் ஏதோ கோளாறு இருப்பதுபோல எதையாவது திருகிக்கொண்டு நிற்பான். நல்ல வண்டி அது, அதற்கு ஒரு கோளாறும் கிடையாது. பொம்பளைகளுக்கு இது தெரியாதா? ஒரு வருடம் திருகிவிட்டு ஒரு நாள் கேட்டான்.

"சமைக்க ஆளு இல்லன்னு கேக்கல. சோறு எனக்கே ஆக்கத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போனா பேச ஆளு இல்ல. நீ வாரியா?"

அருள்மேரிக்கு அன்று முழுக்கத் தலை கால் புரியவில்லை. ஆசைப்பட்டாள், அதை மறைக்க என்ன இருக்கிறது? முப்பத்தொரு வயது. ராத்திரி மழை பெய்தால் கூரை ஒழுகுகிறதென்று சொல்லக்கூட ஒரு காது இல்லை. ஆனால் புருஷன் உயிரோடிருந்தால் வேதக் கோயிலில் இன்னொரு கல்யாணம் கிடையாது, அது பாவம். பங்குச் சாமியார் கூடப் போனவனைக் கூப்பிட்டுச் சாட்சி வாங்கி, மேற்றிராணியாருக்கு, அதாவது ஆயருக்கு, எழுதினார். ஏழு வருடம் ஆயிற்று, கடலில் போனதாகவே கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாக வேண்டும், யாரும் தடை சொல்லாமல் இருந்தாக வேண்டும்.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. ஜோதிமேரி அன்றைக்குப் பூசைக்கே வரவில்லை. அருள்மேரிக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்த வாரம் பார்த்துத்தானா சதக்கத்துல்லா பாய் தன் டூரிங் கொட்டகைக்கு அந்தப் படத்தைக் கொண்டுவர வேண்டும்? 'மரணச் சிறையில் மாவீரன்' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். அசல் பெயர் என்னவென்று அவருக்கே தெரியாது. அது எந்த நாட்டுப் படம், என்ன பாஷை என்பதும் தெரியாது. கதாநாயகன் சப்பை மூக்குக்காரன். செய்யாத குற்றத்துக்குச் செயிலுக்குப் போகிறான். அங்கே ஜெயிலர் கொடியவன், கைதிகள் அதைவிடக் கொடியவர்கள். சோற்று வரிசையில் உதை, குளிக்கிற இடத்தில் உதை, கல் உடைக்கிற இடத்தில் பறந்து பறந்து உதை. உதைக்கு என்ன பாஷை வேண்டும்? ஊர் இளவட்டங்கள் மணல் தரையில் உட்கார்ந்து விசிலடித்துப் பார்த்தார்கள்.

ஜோதிமேரி சினிமா பார்க்கிறவளே இல்லை. போஸ்டரில் கம்பி போட்ட கதவைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் மொட்டைத் தலைகள். செயில் என்றால் எப்படித்தான் இருக்கும், தம்பிக்கு அங்கே என்ன போடுவார்கள், பாய் கொடுப்பார்களா, வெறுந்தரைதானா என்று ஏழு வருடமாக மனசில் அரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று டிக்கெட் எடுத்தாள். இப்படி ஒரு காரணத்துக்காக அடிதடிப் படத்துக்குப் போனவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான் இருப்பாள்.

இரண்டாம் ஞாயிறு. சாமியார் ஓலையை வாசித்தார். "இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்ற வரிக்கு எந்த ஊரிலும் யாரும் காது கொடுப்பதில்லை. சாமியாரும் அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது.

"சாமி! தடை இருக்கு. எந் தம்பி உசுரோட இருக்கான்."

அருள்மேரி திரும்பிப் பார்த்தாள். ஜோதிமேரி முக்காட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கம்மா இருக்காரு?" என்றார் சாமியார்.

"செயில்ல."

"எந்த ஜெயில்ல?"

"அது தெரியல சாமி. ஆனா இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். கஞ்சிக்கு வரிசையில நிக்கிறான். ஆளு மெலிஞ்சுகூடப் போகல."

"நீங்க எப்பம்மா ஜெயிலுக்குப் போனீங்க?"

"நான் எங்க போனேன்? நேத்து பாய் கொட்டகையில, மொத ஆட்டத்துல பாத்தேன்."

ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே நின்றும் போயிற்று. படம் பார்த்த இளவட்டம் ஒருவன் மண்டையைச் சொறிந்துகொண்டே எழுந்து, "எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு சாமி. அச்சு அசலு மரியதாஸ் மாமா சாடைதான்" என்றான். அவ்வளவுதான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது.

சாமியார் வயசில் இளையவர், அந்தப் பங்குக்குப் புதியவர். மரியதாஸை அவர் பார்த்ததே இல்லை. கல்யாணத் தடை பற்றி அவர் படித்த பாடத்தில் சினிமாவில் பார்த்த சாட்சியைப் பற்றி ஒன்றும் இல்லை போலிருக்கிறது. இந்தப் பக்கம் யோசித்தார், அந்தப் பக்கம் யோசித்தார். கடைசியில், "அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் போய்ப் படத்தைப் பாருங்கள். சனிக்கிழமை வந்து சொல்லுங்கள். அருள்மேரி, கட்டினவளாகிய உன் சொல்தான் கடைசிச் சொல்" என்றார். அடிதடிப் படம் பார்க்கச் சொல்லிப் பூசையில் கட்டளை போட்ட சாமியார் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மூன்று நாளில் மாற்ற வேண்டிய படத்தைச் சதக்கத்துல்லா பாய் சனிக்கிழமை வரைக்கும் ஓட்டினார். செபமாலைப் பாட்டிமார், வலைக்காரர்கள், மணியடிக்கிற கோயில் பிள்ளை, எல்லாரும் ராத்திரிக் கஞ்சியைச் சீக்கிரமே குடித்துவிட்டுக் கொட்டகைக்குக் கிளம்பினார்கள்.

அருள்மேரி திங்கட்கிழமை போனாள். படம் பாதிக்கு மேல் ஓடியபின் அந்த இடம் வந்தது. கைதிகள் தட்டேந்தி வரிசையில் நிற்கிறார்கள். காவலன் கதாநாயகனின் தட்டைத் தட்டிவிடுகிறான், இவன் பறக்க ஆரம்பிக்கிறான். பின்னால் நிற்கிற கைதி ஒருவன் முகத்தைத் திருப்பிப் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிக்கிறான். அடுத்த நிமிஷம் உதை ஒன்று அவன் மேல் விழுகிறது. மண்ணில் உருண்டு, மதிலோரம் போய் ஒரு காலை மடித்துத் தொடைக்கடியில் வைத்துக் குந்துகிறான். மதிலுக்கு மேலே ஒரு தென்னை மரம் ஆடுகிறது. அதற்குப் பிறகு அவனைக் காட்டவில்லை.

கொட்டகையிலிருந்த பெண்கள் யாரும் அப்போது திரையைப் பார்க்கவில்லை. அருள்மேரியின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர்தான். முதலில் வந்தது சந்தோஷம். அதில் சந்தேகமே வேண்டாம், வயிறு குளிர்ந்துதான் போயிற்று. அதன் பின்னாலேயே வேதநாயகத்தின் முகம் வந்தது. 'ஐயோ, இனிமே அது இல்ல' என்று தோன்றியது. புருஷன் உயிரோடிருப்பதைப் பார்த்த அதே நிமிஷத்தில் அடுத்தவனை நினைத்து ஏங்கினோமே என்று அவமானம் வந்தது. மூன்றும் சேர்ந்து வந்தால் மனுஷி என்ன செய்வாள்? அழுதாள். அதைப் பார்த்து, "அவன்தாம்டீ, அழுகிறா பாரு" என்று ஒரு கூட்டமும், "இல்லன்னுதான் அழுகிறா" என்று இன்னொரு கூட்டமும் முடிவு கட்டின.

மறுநாள் ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

"அந்தக் காலு மடிச்சுக் குந்துறதப் பாத்தியலா? வள்ளத்துல ஒக்காந்து பழகுனவன்தான் அப்பிடிக் குந்துவான்."

"அப்பிடிக் குந்தாதவன் பாம்பன்ல எவன் இருக்கான்? அக்கரையிலயும் அப்பிடித்தாம்லே குந்துவான்."

"மரியதாஸுக்குக் காது பெருசு. இவனுக்குச் சின்னது."

"உதை வாங்குனா காது சுருங்காதா?"

இது ஒரு வாதமென்று ஒத்துக்கொண்டு நாலு பேர் தலையாட்டினார்கள். படம் இலங்கையில் எடுத்தது, தென்னையைப் பார்த்தாலே தெரிகிறது என்றார் ஒருவர். தென்னை மலேயாவிலும் உண்டு என்றார் மற்றவர். எது எப்படியோ, பாவம், ஏழு வருடமாகச் செயிலில் உதை வாங்குகிறான் என்று ஊரில் பாதிப் பேர் உச்சுக் கொட்டினார்கள். ஜோதிமேரி கருவாட்டுப் பொரியலும் உடுத்தப் புதுச் சாரமும் கட்டி வைத்து, அந்தச் செயிலுக்கு எந்த வழியாகப் பார்சல் அனுப்பலாமென்று கண்டவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அருள்மேரிக்கு அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும் என்றிருந்தது. புதன்கிழமை காலையில் கொட்டகைக்குப் போனாள். பாய் ஸ்டூலில் உட்கார்ந்து ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் நிப்பாட்டிக் காட்டுறியளா?"

"நிப்பாட்டுனா சூட்டுல ரீலு பொசுங்கிப் போயிரும் தங்கச்சி. பெறகு அவரும் இல்ல, படமும் இல்ல." அவர் ரீலை இழுத்து அந்த இடத்தைத் தேடி வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். வரிசை தெரிந்தது. ஒவ்வோர் ஆளும் சீரகம் அளவு இருந்தான். எவன் மரியதாஸ், எவன் மற்றவன்? ஒன்றும் விளங்கவில்லை.

"எந்தச் செயிலு பாய் இது? அதயாவது கண்டுபிடிக்க முடியுமா?"

பாய்க்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். அவளை நோகடிக்கிற ஆள் அல்ல அவர். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

"செயிலாவது ஒண்ணாவது! அட்டையிலயும் பலகையிலயும் கட்டி வச்சிருப்பான் தங்கச்சி. இவுகள்லாம் கைதியா? கூலி ஆளுக. காலையில கூப்புட்டு ஒரு சட்டையக் குடுப்பான். நில்லும்பான், விழும்பான். மத்தியானம் சோறு போடுவான். சாயங்காலம் சட்டையக் கழட்டி வாங்கிக்கிட்டு கூலியக் குடுத்து அனுப்பிருவான்."

"எங்க அனுப்புவான்?"

"எங்கயா? வீட்டுக்குத்தான்."

அருள்மேரி கொட்டகை மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு வருடமாக அவள் மனசுக்குள் ஒரு செயிலைக் கட்டி, அதற்குள் புருஷனைப் பத்திரமாக வைத்திருந்தாள். கறிக்குழம்பு வைத்தால் அவர் அங்கே என்ன தின்கிறாரோ என்று தொண்டையில் இறங்காது. மழை பெய்தால் அந்தச் செயில் ஒழுகுமோ என்று தோன்றும். கதவு திறந்தால் வந்துவிடுவார், கதவுதான் திறக்கவில்லை என்று எத்தனை ராத்திரியைத் தள்ளியிருக்கிறாள்! இப்போது படத்தில் இருக்கிறவர் அவர் என்றால், அவர் சாயங்காலமானால் வீட்டுக்குப் போகிறவர். எந்த வீட்டுக்கு? அங்கே யார் இருக்கிறாள்? தட்டை ஏந்திக்கொண்டு சிரிக்கிறாரே, அது ஏழு வருடம் அடைபட்டவன் சிரிப்பா?

அது அவர் இல்லையென்றால், அவர் கடலுக்குள். அன்றைக்கே, குதித்த இடத்திலேயே.

கோயிலுக்குப் போய் மண்டியிட்டாள். வாய் செபம் சொன்னது. நெஞ்சு மட்டும் தனியாக, 'அது அவராக இருக்கக் கூடாது ஆண்டவரே' என்று கேட்டது. கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கட்டின புருஷன் செத்திருக்க வேண்டும் என்றல்லவா கேட்டிருக்கிறாள்? எழுந்து ஓடி வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மறுபடியும் படத்துக்குப் போனாள். அது அவர் இல்லை என்று நிச்சயமாகப் பட்டது. வியாழக்கிழமையும் போனாள். அன்று வேறு விபரீதம் நடந்தது. வீட்டுக்கு வந்து கண்ணை மூடி மரியதாஸின் முகத்தை நினைத்துப் பார்த்தால், அந்தக் கைதியின் முகம்தான் வந்தது. கல்யாணத்தன்று பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அந்த முகம். கடைசி நாள் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கும் அந்த முகம். பார்த்துப் பார்த்து, ஒப்பிட வைத்திருந்த அசலையே தொலைத்துவிட்டாள். வெளுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

வெள்ளிக்கிழமை வேதநாயகம் லாரியோடு வந்தான். இந்த முறை எதையும் திருகவில்லை. நேராக அவளிடம் வந்து நின்றான்.

"நானும் போயிப் பாத்தேன். எனக்கு அவரத் தெரியாது, நான் என்னத்தச் சொல்ல? ஒண்ணு மட்டும் கேக்குறேன். அவரு இருக்கணும்னு இருக்கா ஒனக்கு, இல்லாம இருக்கணும்னு இருக்கா?"

"இப்பிடியெல்லாம் ஒரு பொம்பளகிட்ட கேப்பாகளா?" என்று அருள்மேரி கத்திவிட்டாள். கூட இருந்த பெண்கள் பாசியை அப்படியே போட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எதுனாலும் நான் மண்டபத்துலதான் இருப்பேன். சொல்லிவிடு, வாரேன்" என்று வண்டியை எடுத்தான். அவனைப் போகவிட்ட பிறகுதான் அவன்மேல் எவ்வளவு பிரியம் என்று அவளுக்குத் தெரிந்தது. சனியன் பிடித்த மனசு, காலம் தப்பித்தான் எதையும் சொல்லும்.

சனிக்கிழமை மத்தியானம் சாமியார் பங்களாவில் கூடினார்கள். மேசைமேல் வேதப்புத்தகம் இருந்தது. ஜோதிமேரி கருவாட்டுப் பொட்டலத்தையும் சாரத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். சாமியார் அனுப்பினால் பார்சல் போய்ச் சேரும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அருள்மேரி, புத்தகத்துமேல கை வை. பயப்படாத. படத்துல இருக்கிறது உன் புருஷனா?"

அருள்மேரி கையை வைத்தாள். இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு மூன்றாம் ஓலை. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"தெரியல சாமி."

"இத்தனை தடவை பார்த்தும் தெரியலையாம்மா?"

"பாக்கப் பாக்கத் தெரியாமப் போச்சு சாமி. பாய் சொன்னாக, அது செயிலே இல்லையாம். அட்டையில கட்டுனதாம். அதுல நிக்கிறவுக கூலி வாங்கிக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறவுகளாம். இப்ப நான் ஆமாம்னு சொன்னா, அவரு காலு கையி நல்லா இருந்துக்கிட்டு, ஏழு வருசமா எந்த வீட்டுக்கோ போயிக்கிட்டு இருக்காரு. இல்லன்னு சொன்னா அவரு அன்னைக்கே கடலுக்குள்ள போயிட்டாரு. இதுல எத என் வாயால சொல்லச் சொல்றிய?"

ஜோதிமேரிதான் பேசினாள். அந்தப் பெரிய வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்ததை யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"என்னடீ சொல்ற? செயிலு இல்லையா அது?"

"இல்ல மதினி."

"கம்பி போட்டிருக்கே?"

"அதுவும் பொய்யாம் மதினி."

ஜோதிமேரி மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். சாரத்தின் ஓரத்தை மடித்து மடித்து விட்டாள். அவள் மனசுக்குள் என்ன ஓடியதென்று அருள்மேரிக்கு ஒன்றொன்றாகத் தெரிந்தது, மூன்று நாளாக அவளே நடந்த வழிதானே அது. தம்பி உயிரோடிருக்கிறான். நல்லாயிருக்கிறான். அக்காவை நினைக்கவில்லை.

பிறகு ஜோதிமேரி எழுந்தாள். மேசைக்கு வந்து, கேட்காமலேயே வேதப்புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"அது எந் தம்பி இல்ல சாமி."

"போன ஞாயித்துக்கிழமை நீங்கதானம்மா..."

"கண்ணு மங்கிப் போச்சு. தப்பாச் சொல்லிட்டேன். எந் தம்பி கட்டுனவள நடுத்தெருவுல நிறுத்திட்டு எங்கயோ போயிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறவன் இல்ல. உசுரு இருந்தா நீந்தியாச்சும் வந்திருப்பான். வரலையில்ல? அப்பச் செத்துட்டான். மணிய அடிக்கச் சொல்லுங்க."

சாமியார் அருள்மேரியைப் பார்த்தார். அருள்மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

வெயில் சுட்டெரிக்கிற நேரத்தில் கோயிலில் துக்க மணி அடித்தது. யாரு, யாரு என்று கேட்டுக்கொண்டு ஊர் ஓடிவந்தது. மரியதாஸ் என்றார்கள். "அவனத்தான நேத்துப் பாத்தோம்?" என்று ஒரு கிழவர் தடுமாறிப் போய்க் கேட்டார்.

அருள்மேரி வீட்டில் உட்கார்ந்து ஜோதிமேரி ஏழு வருட அழுகையை ஒரே மூச்சில் அழுதாள். கடலைத் திட்டினாள், அந்தோணியாரைத் திட்டினாள், மெழுகுவத்தி விற்றவனைக்கூட விடவில்லை. அருள்மேரியும் அவள் தோளில் சாய்ந்து அழுதாள். கடலில் முங்கினவனுக்கா, எங்கோ வீடு திரும்புகிறவனுக்கா, யாருக்காக அழுகிறோம் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அழுது முடித்து ஜோதிமேரியே அவள் கழுத்துத் தாலியை அவிழ்த்தாள், தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நாளைக்கு ஓலை வாசிக்கையில நான் மொத வரிசையில ஒக்காந்திருப்பேன். எவ வாயத் தொறக்கானு பாக்குறேன்" என்றாள்.

வெயில் தாழ்ந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அருள்மேரி கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜோதிமேரி குடித்து முடித்து, முகத்தைக் கழுவி, தலையை அள்ளி முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல எங்க மதினி கெளம்பிட்டிய?"

ஜோதிமேரி திரும்பிப் பார்க்கவில்லை.

"படம் இன்னைக்கோட மாத்துறாகளாம்டீ. ஒருக்கா அவனப் பாத்துட்டு வந்துர்றேன்."

அருள்மேரி காப்பிச் செம்பைத் திண்டில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தானும் அவள் பின்னால் நடந்தாள்.